வண்டிப் பட்டைக்குக் கத்தித் தோய்ச்சல்

எங்கள் அண்ணனுக்குத் தோய்ச்சல் கை சரியில்லை என்று குலசேகரம் பக்கத்தில் யாராவது சொல்லக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. சொல்கிறவன் வாயில் ஒன்று போடலாமா என்று கை துறுதுறுக்கும். போட்டதில்லை. போட எனக்கு என்ன யோக்கியதை? அந்தப் பேச்சு ஊரில் கிளம்பக் காரணமே நான்தான்.

இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கி, அதற்கு வேண்டிய உறுதியை ஏற்றுவதற்குத்தான் தோய்ச்சல் என்று பெயர். அடிக்க எல்லாக் கொல்லனுக்கும் தெரியும். தோய்ச்சல் எல்லாருக்கும் வாய்க்காது. ஒரு நிமிஷம் முந்தினால் முனை மழுங்கும், பிந்தினால் பல் தெறிக்கும். அண்ணனுக்கு அது வாய்த்திருந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்தி இருக்கிறதே, முனை வளைந்த சின்னக் கத்தி, அதற்காக மலையடித் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் அண்ணனைத் தேடி வருவார்கள். பட்டையை மட்டும் மெலிசாகச் சீவ வேண்டும், மரத்தின் தடியில் படக்கூடாது. அண்ணன் அடித்த கத்தி என்றால் கை அழுத்தவே வேண்டாம் என்பார்கள். அவனுக்குச் சொத்து என்று சொல்ல அந்தப் பேர் ஒன்றுதான் இருந்தது.

எனக்கு உலை முன்னால் உட்கார்கிற பொறுமை கிடையாது. யுத்தம் வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்து வண்டி ஓட்டப் படித்தேன். திரும்பி வந்து ஒன்றிரண்டு வருஷம் சும்மா சுற்றினேன். சுதந்திரம் கிடைத்து, திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே சர்க்காரான பிறகு, தோட்ட முதலாளி ஒருவர் பட்டாளம் கழித்துக் கட்டின லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்துக்கொண்டு வந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. அந்த வட்டாரத்தில் அதை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். கேட்க வேண்டுமா? தலைக்கனம் தலைக்கு மேல் ஒரு முழம் ஏறிவிட்டது.

தோட்டத்தின் மேல்பகுதிக்குப் போக ஒரு தோட்டைக் கடக்க வேண்டும். தோடு என்றால் எங்கள் பக்கத்தில் மலையிலிருந்து இறங்குகிற சின்ன ஆறு. அதில் பாலம் கிடையாது. தண்ணீருக்கடியில் உருண்டைப் பாறைகள். சக்கரம் ஏறிவிடும், ஆனால் வண்டியின் வயிறு பாறையில் உட்கார்ந்துகொள்ளும். பழைய வண்டி அல்லவா, அச்சுக்கு மேலே வண்டியைத் தாங்குகிற வில்பட்டைகள் எல்லாம் துவண்டு சப்பையாகிவிட்டன. இரண்டு தடவை எஞ்சினுக்கு அடியிலிருக்கிற எண்ணெய்த் தொட்டி பொத்துக்கொண்டது. இரண்டாவது தடவை முதலாளி தோட்டுக் கரையில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எடவப்பாதி மழைக்கு முன்ன மேல இருக்க ரப்பர் ஷீட்டு பூராவும் கீழ வந்தாகணும். மழை விழுந்தா அவ்வளவும் பூஞ்சை பூத்துப்போவும். வண்டி இன்னொருக்க இந்தப் பாறையில உக்காந்துதுன்னா, எனக்கு வண்டியும் வேண்டாம், டிரைவரும் வேண்டாம். தலைச்சுமட்டுக்கு ஆளு கெடைக்கும், கேட்டியா?"

எனக்குக் கல்யாணம் முடிந்து ஆறு மாசம். வீட்டில் அவளுக்கு மூன்று மாசம். வண்டி போனால் நான் மறுபடியும் உலை முன்னால் அண்ணனுக்குச் சம்மட்டி அடிக்கப் போக வேண்டும். அதை நினைத்தாலே எரிச்சல் வந்தது.

கோட்டாற்றுப் பழைய இரும்புக் கடை ஒன்றில் பெரிய லாரியின் வில்பட்டைகள் நாலு கட்டுக் கிடந்தன. நல்ல கனம், நல்ல வளைவு. அதைப் போட்டால் வண்டி நாலு விரல் உயரும், வயிறு பாறையில் படாது என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். ஆனால் நம் வண்டிக்கு அது ஒரு சாண் நீளம் கூடுதல். மேலே இருக்கிற தாய்ப் பட்டையின் இரண்டு முனையும் காது மாதிரிச் சுருண்டிருக்கும், அந்தக் காதில்தான் ஆணி ஏறி வண்டியோடு சேரும். காதை வெட்டி, உள்ளே தள்ளிச் சுருட்ட வேண்டும். அதற்குக் காய்ச்சியாக வேண்டும். காய்ச்சினால் பழைய உறுதி போய்விடும். மறுபடியும் தோய்ச்சல் வைக்க வேண்டும். அதற்குக் கொல்லன் வேண்டும். கொல்லன் வீட்டிலேயே இருக்கிறானே, என்ன கவலை என்று கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன்.

வண்டியை மரக்கட்டைகள் அடுக்கித் தூக்கி நிறுத்தி, சப்பைப் பட்டைகளைக் கழற்றவே இரண்டு நாள் ஆயிற்று. பட்டையை அச்சோடு கட்டுகிற யூ போல்ட்டுகள் துருவேறி அச்சோடு ஒட்டிப் போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப் போட்டு, உளி வைத்துத் தட்டித் தட்டி என் விரல் நகம் இரண்டு கறுத்தது.

அண்ணன் தாய்ப் பட்டைகளைக் காய்ச்சிக் காது சுருட்டினான். மதினி துருத்தி ஊதினாள். பிறகு புன்னை எண்ணெய் நிறைத்த தொட்டியில் முக்கினான். எடுத்து மறுபடியும் மெல்லிய தீயில் காட்டி, காய்ந்த தென்னை ஈர்க்கு ஒன்றை அதன்மேல் இழுத்துப் பார்த்தான். ஈர்க்கு புகைந்ததும் எடுத்து மணலில் தானே ஆறப் போட்டான். வண்டிப் பட்டைக்கு அவன் அதற்கு முன்னால் தோய்ச்சல் வைத்ததே இல்லை. ஆனால் இரும்பைப் பார்த்தாலே அதற்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

பட்டைகளை ஏற்றினேன். வண்டி நிமிர்ந்தது. முதல் நாள் தோட்டைத் தாண்டினபோது அடியில் ஒரு சத்தம் இல்லை. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஒரு வாரம் பாரம் ஏற்றி ஓட்டின பிறகு அளந்து பார்த்தேன். முன்பக்கம் ஒரு விரல் இறங்கியிருந்தது.

புதுப் பட்டை கொஞ்சம் அமரும், அமர்ந்து நிற்கும். இது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரிந்திருக்க வேண்டும், பட்டாளத்தில் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் பயந்தவனுக்குப் படித்தது எது ஞாபகம் வரும்? இன்றைக்கு ஒரு விரல், நாளைக்கு நாலு விரல், அப்புறம் பாறை, அப்புறம் முதலாளியின் குடை. முன்பக்கத்துத் தாய்ப் பட்டை இரண்டையும் கழற்றிக்கொண்டு நேரே உலைக்குப் போனேன்.

"இது என்ன தோய்ச்சல் வச்சிருக்க? வாழைப்பட்டை மாதிரித் தொய்யுது. கத்திக்கு வைக்கது மாதிரி வையி. பச்சைத் தண்ணியில முக்கு. கல்லு மாதிரி நிக்கணும்."

அண்ணன் சம்மட்டியைக் கீழே வைத்தான். "எலே, கத்தி வெட்டணும், அது வளையப்பிடாது. இது வளையணும். வளைஞ்சு திரும்பி வரணும். ரெண்டுக்கும் ஒரே தோய்ச்சல் வச்சா சவம் ஒடிஞ்சு போவும்லே."

"உனக்கு அருவாளும் மம்பட்டியும் தெரியும். வண்டியைப் பத்தி எனக்குப் படிப்பிக்காத. பட்டாளத்துல நான் பாக்காத வண்டியா?"

"வண்டியப் பத்தி நான் ஒண்ணும் பேசல்ல மக்கா. இரும்பப் பத்தியாக்கும் பேசுதேன்."

"முடியுமா முடியாதா? முடியாதுன்னா சொல்லு, திருவட்டாறுல வேற கொல்லன் இருக்கான்."

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக்கூடாது. கூடப்பிறந்தவன் வேறு உலைக்குப் போனால் ஊர் என்ன நினைக்கும்? மதினி துருத்தியை விட்டுவிட்டு எழுந்தாள். "அவிய சொல்லுததக் கொஞ்சம் கேளுங்க கொழுந்தனாரே, இரும்புக்க காரியம் அவியளுக்கு அறியாமலா?" என்றாள். "நீங்க உங்க வேலையப் பாருங்க மதினி," என்றேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. அண்ணன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பட்டையை உலையில் வைத்தான்.

தண்ணீரில் முக்கினபோது எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆறினதும் அண்ணன் சின்னச் சுத்தியலால் அதைத் தட்டினான். கணீரென்றது. "கோயில் மணி மாதிரி அடிக்குது பாரு. வண்டிக்கு எதுக்குலே மணி?" என்றான். நான் சிரித்துக்கொண்டே தூக்கிக்கொண்டு போனேன்.

பத்து நாள் வண்டி ராஜா மாதிரி நின்றது. பாரம் ஏற்றினாலும் ஒரு நூல் இறங்கவில்லை. உட்கார்ந்து ஓட்டினால் முதுகெலும்பு நொறுங்கும், அது வேறு விஷயம். முதலாளி தோட்டுக் கரையில் நின்று பார்த்து, "நீ ஆளு கொள்ளாம்" என்றார். அன்றைக்கு நான் வீட்டுக்குப் பழம்பொரி வாங்கிக்கொண்டு போனேன்.

பதினோராம் நாள் மத்தியானம். மேலே ஷீட்டு உலர்த்துகிற புகைப்புரையிலிருந்து கடைசி ஷீட்டுக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். கட்டுகள்மேல் பால் வெட்டுகிறவர்கள் ஆறு பேர். ஆள் ஏற்றக்கூடாது என்றுதான் உத்தரவு, ஆனால் வெயிலில் நடக்கிறவர்களைப் பார்த்து யார் நிறுத்தாமல் போவார்? தோட்டைத் தாண்டியாயிற்று. அடுத்த வளைவில் இடப்பக்கச் சக்கரம் ஒரு குழியில் விழுந்து எழுந்தது. வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஸ்டியரிங் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. முன்அச்சு ஒரு பக்கம் பின்னால் ஓட, வண்டி அப்படியே சாய்ந்து, பக்கத்துப் பாறையை உரசிக்கொண்டு போய் நின்றது.

ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கால், பலகைக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவளும் அவள் புருஷனும் அந்தத் தோட்டத்தில்தான் பால் வெட்டினார்கள். அவள் கத்தவில்லை. "அய்யோ எனக்க கத்தி, எனக்க கத்தி" என்று கீழே விழுந்த வெட்டுக் கத்தியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவும் அண்ணன் அடித்த கத்தி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டிலில் தூக்கிக்கொண்டு ஆட்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உயிர் தப்பியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். இடப்பக்கத்துத் தாய்ப் பட்டை காதுப் பக்கம் ஒடிந்திருந்தது. ஒடிந்த முகம் கற்கண்டை உடைத்த மாதிரி மினுமினுவென்று பொரிப்பொரியாக இருந்தது. நல்ல தோய்ச்சல் இருந்தால் அப்படி ஒடியாது. கொல்லன் வீட்டில் பிறந்தவனுக்கு அதைச் சொல்லித் தர வேண்டாம்.

மறுநாள் முதலாளி அண்ணனைத் தோட்டத்துக்கு வரச் சொன்னார். வண்டி சாய்ந்து நின்ற வளைவில் வேலைக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். ஒடிந்த பட்டை நடுவில் கிடந்தது. அந்தப் பெண்ணின் புருஷன் கண் சிவந்து நின்றான். அண்ணன் குந்தி உட்கார்ந்து பட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

"இது நீ தோய்ச்சல் வச்சதுதானே?" என்றார் முதலாளி.

"ஆமா."

"கத்திக்கு வைக்கத வண்டிக்கு வச்சியா? யாருவே உனக்கு இப்படிச் செய்யச் சொன்னது?"

அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். ஒரே ஒரு தடவை. நான் சொல்வேன் என்று காத்திருந்தான் என்றுதான் நினைக்கிறேன். எவ்வளவு நேரம் காத்திருந்தான் என்று தெரியாது. நான் வண்டியின் சக்கரத்து நட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு நட்டு.

"யாரும் சொல்லல்ல," என்றான் அண்ணன். "எனக்குத்தான் கை பிழைச்சுப்போச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் என்று சொல்வார்களே, அது நான். எனக்கு வேலை தப்பியது. முதலாளி வேறு பட்டை வாங்கிக் கொடுத்தார், வண்டியை நானே ஓட்டினேன். நாளைக்குச் சொல்லிவிடலாம், மழை முடியட்டும், வீட்டில் அவளுக்குப் பிரசவம் முடியட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். பிள்ளை பிறந்தது. அப்போதும் சொல்லவில்லை.

ஊர் மட்டும் சும்மா இருக்குமா? ஆரம்பத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, வருகிற ஆட்கள்தான் குறைந்தார்கள். பிறகு பால் வெட்டுகிறவர்கள் கத்தியைச் சாக்கில் சுற்றி, அண்ணன் உலைக்கு முன்னாலேயே நடந்து, திருவட்டாற்றுக் கொல்லனிடம் போக ஆரம்பித்தார்கள். நான் கோபத்தில் சொன்ன அதே கொல்லன். ஒருத்தன் அண்ணனிடம் நேராகவே, "உம்ம கையில இப்ப தோய்ச்சல் நிக்கமாட்டேங்குதாமே, மெய்யாவே?" என்று கேட்டுவிட்டுப் போனான். மதினி நான் போனால் சோறு போடுவாள், ஆனால் முகத்தைப் பார்த்து ஒரு சொல் பேசமாட்டாள். நடந்ததை வெளியில் மூச்சு விடக்கூடாது என்று அண்ணன் அவளிடம் தாலிமேல் சத்தியம் வாங்கியிருந்தான். இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஒரு நாள் போனபோது உலை அணைந்து கிடந்தது. துருத்தித் தோலில் எலி ஓட்டை போட்டிருந்தது. அண்ணன் மலைப்பக்கம் அணை வேலை நடக்கிற இடத்தில் கடப்பாரை கூராக்கப் போயிருக்கிறான் என்றாள் மதினி, சுவரைப் பார்த்துக்கொண்டு. பால் கத்திக்குப் பேர்போன கை, கல் உடைக்கிற கம்பிகளைக் கூராக்குகிறது. ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது. யார் கூராக்கினது என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அங்கிருந்து நேரே அந்தக் கால் போன பெண்ணின் வீட்டுக்கு நடந்தேன்.

அவள் முற்றத்தில் உட்கார்ந்து ஓலை முடைந்துகொண்டிருந்தாள். கக்கத்துக் கம்பு பக்கத்தில் கிடந்தது. அவள் புருஷனும் இருந்தான், பக்கத்து வீட்டார் இரண்டு மூன்று பேரும் வந்து நின்றார்கள். நான் நின்றபடியே சொன்னேன். எண்ணெயில் வைத்ததைத் தண்ணீரில் வை என்று சொன்னது நான், அண்ணன் வேண்டாம் என்றான், வேறு கொல்லனிடம் போவேன் என்று நான்தான் மிரட்டினேன், உன் கால் போனது என்னால் என்றேன். அவள் காலில் விழலாம் என்று நினைத்தேன், எந்தக் காலில் விழுவது?

அவள் ஓலையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அவள் கண் நிறைந்தது.

"தம்பி, உனக்க அண்ணனுக்காவ வந்து பறையுதியா?" என்றாள். "அவரே எல்லாருக்க முன்னையும் ஒத்துக்கிட்டாரே மக்கா. பழிய உனக்க தலையில எடுத்துப் போட்டா அவருக்குப் பேரு திரும்பி வரும்னு நெனச்சியாக்கும்."

"இல்ல, சத்தியமா நான்தான் சொன்னேன்."

"தானாடாட்டாலும் தன் சதை ஆடும்லா," என்றான் அவள் புருஷன் பக்கத்து வீட்டாரிடம். கோபமாகக்கூட அல்ல. பாராட்டாக. "அன்னைக்கே சொல்லியிருந்தா நம்பியிருப்போம். இம்புட்டு நாளு கழிச்சு வந்து சொன்னா என்ன அர்த்தம்? கூடப்பொறப்புன்னா இப்படி இருக்கணும்."

"எனக்கும் இப்படி ஒருத்தன் கூடப் பொறந்திருந்தா இந்தக் கால் போனது எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். "நல்லா இரு மக்கா. பிள்ளையும் பெண்டாட்டியுமா நல்லா இரு."

நான் கத்தினேன். மதினியைக் கேளுங்கள் என்றேன். மதினியும் புருஷனுக்கு ஆதரவாகத்தானே சொல்லுவாள் என்று சிரித்தார்கள். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "உனக்க மனசு எனக்குத் தெரியும். சரி, வண்டிய எடு," என்றார் அவர். ஒரு வாரத்துக்குள் சந்தைவரைக்கும் கதை பரவிவிட்டது. சாயாக் கடையில் என்னைப் பார்த்தால் எழுந்து இடம் விட்டார்கள். தம்பி எவ்வளவு நல்லவனோ, அண்ணன் அவ்வளவு பிழை செய்தவன் என்று ஆயிற்று. நான் சொல்லச் சொல்ல என் பேர் ஏறியது, அவன் பேர் இன்னும் கீழே போயிற்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்தால் இப்படித்தான் ஆகும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அணை வேலை நடக்கிற இடத்துக்குப் போனேன். தகரக் கொட்டகைக்குள் அண்ணன் உட்கார்ந்திருந்தான். தாடி நரைத்திருந்தது. முன்னால் கடப்பாரைகள் விறகு மாதிரிக் குவிந்து கிடந்தன. துருத்திக்கு வேறு யாரோ ஓர் ஆள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தப் பெண்ணு என்ன சொன்னா?" என்று கேட்டான்.

"நல்லா இருன்னு சொன்னா."

அண்ணன் கையிலிருந்த கடப்பாரையின் முனையைத் தண்ணீரில் முக்கினான்.

"பொறவு என்னலே," என்றான். "நல்லா இரு."

சொல்லிவிட்டு அடுத்த கடப்பாரையை எடுத்து உலையில் வைத்தான்.